ஆள் பார்த்தால் நடுங்கும் கை

ஊசி போடுவது எப்படி, கட்டுப் போடுவது எப்படி என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஊசியைக் கொதிக்க வைத்து மறுபடியும் போட்டோம் என்று போன தடவை சொன்னதற்கே உங்களில் இரண்டு பேர் முகத்தைச் சுளித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பணி அனுபவங்களைப் பேசுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கும் சில உண்டு. பாம்புக்கடி பட்டவரைப் பிழைக்க வைத்தது, நடுவழியில் லோரியிலேயே பிரசவம் பார்த்தது, அந்த மாதிரி. அதெல்லாம் எந்தக் கிழவனும் சொல்வான். தம்பிகளே, தங்கைகளே, நான் இன்றைக்கும் நினைத்தால் தலையைக் குனிந்துகொள்கிற ஒன்றைச் சொல்கிறேன். உங்களுக்கு உபயோகப்படப்போவது அதுதான்.

எண்பதுகளின் தொடக்கம். பத்தாங் பெர்ஜுந்தைக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் நான் ஆஸ்பத்திரி உதவியாளன். அது காகிதத்தில் உள்ள பெயர். தோட்டத்து ஜனங்களுக்கு நான் டிரெஸர். நாலு கட்டில், ஒரு மருந்து அலமாரி, கட்டுப் போடும் அறை ஒன்று. வாரம் ஒரு நாள் வெளியிலிருந்து டாக்டர் வந்து போவார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், நான்தான் எல்லாம். எம்.சி. என்கிற விடுப்புச் சீட்டு கொடுப்பதும் நான்தான் என்பதால் ஆட்களை வேலைவாங்கும் மண்டோர்கள்கூட என்னிடம் மரியாதையாகப் பேசுவார்கள்.

எனக்கு ஒரு கோளாறு இருந்தது. தனியாக இருந்தால் கை கல் மாதிரி நிற்கும். நோயாளி ஒருவர் மட்டும் எதிரே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. மூன்றாவதாக ஓர் ஆள் வந்து நின்று என் கையைப் பார்த்தால் போதும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், காது சுடும், விரல்கள் ஆட ஆரம்பிக்கும். வாயைத் திறந்தால் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வரும். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு முன்னால் நழுவிவிடுவேன். யார் வீட்டுக்குப் போனாலும் டீ வேண்டாம் என்பேன், கோப்பையைத் தூக்கினால் தட்டு கடகடவென்று ஆடும் என்பதால். கோயிலில், அதாவது எங்கள் மாதா கோயிலில், வாசகம் வாசிக்கச் சொல்லி சாமியார் கேட்டபோது தொண்டைக் கட்டு என்று சொல்லித் தப்பித்தேன். வருஷம் முழுக்க யாருக்காவது தொண்டைக் கட்டு இருக்குமா? அவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

இதை நான் நோய் என்று நினைக்கவே இல்லை. எனக்குத் தைரியம் இல்லை, நான் ஆம்பிளையே இல்லை, இப்படித்தான் நினைத்தேன். மருந்து அலமாரிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு அலைந்தவன் நான். எனக்கே ஒரு மருந்து இருக்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

தடுப்பூசி நாள் ஒன்றில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக் கொட்டகையில் வைத்துத்தான் ஊசி போடுவோம். அன்றைக்கு என்னவோ பெண்கள் யாரும் ஊசி போட்ட பிறகு கிளம்பவில்லை, சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் கை ஆடத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஊசி இரண்டு தடவை குத்தும்படி ஆகி, அது வீறிட்டது. பின்னாலிருந்து ஒரு குரல்.

"என்னடி இது, டிரெஸரு காலங்காத்தாலயே ஏத்திக்கிட்டு வந்துட்டாரு போலருக்கே!"

கொட்டகையே கொல்லென்று சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு சொட்டு மதுவை வாயில் வைக்காதவன் நான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது நிம்மதி. அப்பாடா, இவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று. தோட்டத்தில் குடிகாரன் என்றால் எல்லோருக்கும் புரியும். திட்டுவார்கள், சிரிப்பார்கள், பாவம் என்பார்கள். மனுஷர்களைப் பார்த்தால் பயப்படுகிற டிரெஸர் என்றால்? அப்படி ஒரு ஜாதி இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது.

மறுநாள் ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "என்ன டிரெஸர், நேத்து கொஞ்சம் ஓவரோ?" நான் மறுக்கவில்லை. அசடு வழியச் சிரித்தேன். அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து நான் செய்ததைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

டவுனில் மளிகைக்கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் போய் ஸ்டவுட் பீர் போத்தல் வேண்டும் என்றேன். அவர் எடுத்து வைத்தார். இல்லை, காலி போத்தல் என்றேன். "போத்தல் கோசோங்? புவாட் அப்பா?" என்று மலாயில் கேட்டு மனுஷன் விழித்தார். காலி போத்தலை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று. என்னத்தையோ உளறி மூன்று போத்தல் வாங்கி வந்து, என் வீட்டுக்குப் பின்னால் குப்பைத் தொட்டி ஓரத்தில், கூட்டுகிறவர்கள் கண்ணில் படும்படியாக வைத்தேன். குடிக்கிறவன் போத்தலை ஒளித்து வைப்பான். குடிக்காத நான் அதை எல்லோருக்கும் தெரியும்படி வைத்தேன். உலகத்தில் வேறு எவனாவது இப்படிச் செய்திருப்பானா என்று தெரியவில்லை.

கூட்டுகிறவர்களுக்கு முன்னால் அதைப் பார்த்தது என் மனைவி ஸ்டெல்லா.

"என்னங்க இது?"

"சும்மா, எண்ணெய் ஊத்தி வைக்க."

அவள் அன்றைக்கு நான் படுத்த பிறகு மெல்லக் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தாள். நான் தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

இப்படிச் சில மாதங்கள் போயின. பெயர் நன்றாகவே நிலைத்துவிட்டது. அப்புறம்தான் ஆறுமுகத்துக்கு அடிபட்டது.

ஆறுமுகம் செம்பனை வெட்டுகிறவர். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளால் எண்ணெய்ப்பனைக் குலையை அறுத்துத் தள்ளும் வேலை. கூடவே அவர் மனைவி பாக்கியம் உதிர்ந்த பழங்களைப் பொறுக்குவார். அன்று காலை கம்பிலிருந்து அரிவாள் கழன்று நேராக அவர் வலது முன்கையில் இறங்கிவிட்டது. டிராக்டரில் வைத்துக் கொண்டுவந்தார்கள். உங்களுக்குத் தெரியாது, தோட்டத்தில் ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் மட்டும் வரமாட்டார், லயத்து வரிசை வீடுகளில் பாதி கூட வரும். கட்டுப் போடும் அறைக்குள் நிற்க இடமில்லை. ஜன்னலிலும் முகங்கள்.

காயம் ஆழம்தான். ஆனால் செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரியும். துணி வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், கையை உயர்த்த வேண்டும், இறுக்கமாகக் கட்டுப் போட்டு அனுப்ப வேண்டும். கூட்டத்தை வெளியே போகச் சொல்லியிருந்தால் என் கை சொன்னபடி கேட்டிருக்கும். போங்கள் என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. துணியை எடுக்கப் போய் இடுக்கியைத் தவறவிட்டேன். அது சிமெண்டுத் தரையில் விழுந்த சத்தத்தில் அத்தனை பேரும் என் கையைப் பார்த்தார்கள்.

"இன்னைக்கும் போட்டுட்டுத்தான் வந்திருக்கான்யா!" என்றது யாரோ.

பாக்கியம் என்னைப் பிடித்துத் தள்ளினார். "அந்தக் கையால எம் புருஷனத் தொடாதீங்க! குடிகாரன் கையில குடுத்துட்டு நான் தாலி அறுக்கவா?"

நான் சுவரோடு ஒட்டி நின்றுவிட்டேன். மறுபடியும் அந்தப் பாழாய்ப்போன நிம்மதி. இனி என் கையை யாரும் பார்க்கமாட்டார்கள்.

ஆறுமுகத்தின் தம்பி முருகேசன் வெளியே ஓடி, சைக்கிளில் சாமான் கட்டும் நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். அண்ணனுடைய முழங்கைக்கு மேலே நாலு சுற்றுச் சுற்றிப் பல்லைக் கடித்து இறுக்கினான். ரத்தம் நின்றது. "நின்னுடுச்சு, நின்னுடுச்சு" என்றார்கள். சிலர் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

மெல்லிய கயிற்றை அப்படி இறுக்கி வெகுநேரம் விட்டால் ரத்தம் மட்டும் நிற்காது, உள்ளே நரம்பும் நசுங்கும். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையில் அது தெரிந்த ஒரே ஆள் நான். கயிற்றை அவிழ்த்துத் துணியால் அழுத்துங்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாய்வரை வந்தது. சொன்னால் எல்லா முகமும் என் பக்கம் திரும்பும். நான் சொல்லவில்லை.

லோரியில் ஏற்றினார்கள். நானும் கூடப் போயிருக்க வேண்டும். இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். முந்தின நாள் மழையில் செம்மண் பாதை சேறாகிக் கிடந்தது. லோரி நடுவழியில் புதைந்து, டிராக்டர் வந்து இழுத்து, கோலசிலாங்கூர் போய்ச் சேர்வதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. அங்கிருந்து கிள்ளானுக்கு அனுப்பினார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. வெட்டுக்காயத்தைத் தைத்துவிட்டார்கள். ஆனால் விரல்கள் மடங்கவில்லை. நரம்பை நசுக்கியது கயிறு என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சேதி தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து முருகேசன் யாரோடும் பேசாமல் திரிந்தான்.

மேனேஜர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பெரிய கிராணியும் இரண்டு மண்டோர்களும் நின்றார்கள். பாக்கியம் வாசலில் நின்றார்.

"டியூட்டியில் குடித்திருந்தீர்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

இரண்டே பதில்கள்தான் இருந்தன. குடித்திருந்தேன். அல்லது, குடிக்கவில்லை, இவர்கள் பார்த்ததால் பயந்துவிட்டேன். முப்பது வயதைத் தாண்டியவன், கல்யாணம் ஆனவன், வெள்ளைச் சட்டை போட்டவன் எப்படி இரண்டாவதைச் சொல்வான்? ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது?

"ஆமாம்" என்றேன்.

மேனேஜரின் முகம்கூடச் சற்று இளகியது. அவருக்கும் புரிந்துவிட்டதே. வியாழக்கிழமை டாக்டர் வந்து விசாரித்து எழுதித் தரட்டும், அதைப் பார்த்துத்தான் வேலையா வீட்டுக்கா என்று முடிவு செய்யப்படும் என்றார். வேலை போனால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வீட்டுக்குப் போவதற்குள் சேதி எனக்கு முன்னால் போயிருந்தது. ஸ்டெல்லா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"குடிச்சேன்னு சொன்னீங்களா?"

"ஆமா."

"நீங்க குடிக்கிறதில்ல. எனக்குத் தெரியும். எத்தனை தடவ மோந்து பாத்திருக்கேன் தெரியுமா?" கையிலிருந்த கரித்துணியை வீசினாள். "கோயில்ல பொம்பளைங்க எம்பக்கத்துல வந்து உக்காந்து கையப் புடிச்சிக்கிட்டு ஜெபம் பண்றாங்க. எங்க அண்ணன் உலு யாம்லேர்ந்து வந்து கேட்டுட்டுப் போறாரு, அடிக்கிறானா உன்னையன்னு. குடிக்காத மனுஷனுக்குக் குடிகாரன் பொண்டாட்டியா இருக்கேனே, இது எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவளிடம்கூட நான் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன். ஆறுமுகத்துக்குச் செய்ததற்கு அடுத்தபடியாக நான் வெட்கப்படுவது இதற்குத்தான்.

வியாழக்கிழமை டாக்டர் வந்தார். பழைய டாக்டர் ஓய்வு பெற்று, புதிதாக ஒரு பெண் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. கிள்ளான்காரர், தமிழ்ப்பெண், என்னைவிட வயதில் சின்னவர். திட்டுவார் என்று நின்றேன். அவர் பசியாற வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து மேசையில் வைத்தார். தோலில் கத்தியால் ஒரு கீறல் போட்டார்.

"இதத் தைங்க மிஸ்டர் அந்தோணி. நான் வெளிய நிக்கிறேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார். எனக்குப் பைத்தியம் பிடித்தவரோ என்று தோன்றியது. தைத்தேன். திரும்பி வந்து தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு கீறல் போட்டு, ஆஸ்பத்திரி கூட்டும் அம்மாவையும் காத்திருந்த இரண்டு நோயாளிகளையும் உள்ளே கூப்பிட்டு என்னைச் சுற்றி நிறுத்தினார். ஊசியில் நூலைக் கோக்கவே என்னால் முடியவில்லை.

எல்லோரையும் அனுப்பிவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"குடிகாரன் கைக்கு யாரு பாக்குறாங்கன்னு தெரியாது. உங்க கைக்குத் தெரியுது. எத்தனை வருஷமா?"

நான் அழுதேன். அத்தனை வயதில், தங்கை வயதுப் பெண்ணுக்கு முன்னால். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்க முடியாமல் அடி வாங்கியதிலிருந்து எல்லாவற்றையும் கொட்டினேன்.  முடிந்ததும் சொன்னார்.

"காட்டுல புலியப் பாத்தா மூளை என்ன பண்ணும்? அபாயம்னு கத்தும். உடனே அட்ரினலின் ஓடும், நெஞ்சு அடிக்கும், கை நடுங்கும், வாய் காயும். அது எல்லாருக்கும் உள்ளதுதான் லா. உங்களுக்கு அந்தக் கத்தல் மனுஷங்க பாத்தா வருது. அத அடக்குற கெமிக்கல்ஸும் மூளைலதான் இருக்கு. உங்களுக்கு அது சரியா வேலை செய்யலன்னு நெனைக்கிறாங்க. எது எவ்வளவுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது. ஆனா இதுக்குன்னு இப்ப பேர் இருக்கு, மருந்து இருக்கு. இது கேரக்டர் இல்ல."

கேரக்டர் இல்லை. அந்த இரண்டு சொல்லை யாராவது எனக்குப் பத்து வயதில் சொல்லியிருந்தால்!

மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டு, நெஞ்சைச் சோதித்துவிட்டு, புரோப்ரனலோல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் அலமாரியிலேயே இருந்த மாத்திரை, நெஞ்சுத் துடிப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கொடுப்பது. எத்தனை பேருக்கு நான் எண்ணிக் கொடுத்திருப்பேன்! கோலாலம்பூரில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கவும் சீட்டு எழுதினார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களிடம் பேச வேண்டும். இன்றைக்கு அதிகம் தெரியும். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்று ஒரு பகுதி, அபாயத்துக்குக் குரல் கொடுப்பது, எங்களைப் போன்றவர்களுக்கு முகங்களைப் பார்த்தாலே அது கூடுதலாக விழித்துக்கொள்கிறது என்கிறார்கள். செரோட்டோனின், டோபமின், காபா என்ற பெயர்கள் உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். ரசாயனம் மட்டுமே காரணம் என்றும் அடித்துச் சொல்ல முடியாது. வளர்ந்த விதம், வாங்கிய அடி, பிறப்போடு வந்தது, எல்லாம் கலந்து கிடக்கிறது. மாத்திரை பாதி வேலைதான் செய்தது. கோலாலம்பூர் டாக்டர் சொன்னபடி, பயப்படும் இடத்துக்கே வேண்டுமென்று போய் நின்று பழகியது மீதி வேலையைச் செய்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் ஏங்கித் தவிக்கும் அந்த அமைதியைக் கொஞ்ச நேரத்துக்குத் தருகிற இன்னொரு ரசாயனம் கள்ளுக்கடையில் கிடைக்கிறது. அதுவும் அந்தக் காபா வழியாகத்தான் வேலை செய்கிறது. நான் குடிக்காதது என் அதிர்ஷ்டம். குடித்துவிட்டு மட்டும் மனுஷர்களோடு பேச வந்தவர்கள் எத்தனை பேர் என் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்? அவர்களையெல்லாம் குடிகாரர்கள் என்று நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். பிறகு நான் வேலை பார்த்த காலமெல்லாம் கை நடுங்கி வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியை முதலில் கேட்டேன்: தனியா இருக்கும்போதும் இப்படி ஆடுமா? நீங்களும் கேளுங்கள். வாயை முகர்வதற்கு முன்னால் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. காயம்பட்டவரோடு கூட்டம் வந்தால் கூட்டத்தோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரே ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு வேலை கொடுங்கள். கையைத் தூக்கிப் பிடி, தண்ணீர் கொண்டுவா, எதுவானாலும் சரி. அவர் மற்றவர்களைத் தானே வெளியே அனுப்பிவிடுவார். இதை நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டேன்.

டாக்டர் அன்று கிளம்பும்போது என்னிடம் ஒன்று சொன்னார். மேனேஜருக்கு என்ன எழுதப்போகிறார் என்று கேட்டபடி நான் கார்வரை போயிருந்தேன்.

"கை நடுங்கினது வியாதி. அத நான் எழுதுறேன், உங்க வேலை போகாது. ஆனா நீங்க வாய்விட்டு 'ஆமா'ன்னு சொன்னது வியாதி இல்ல மிஸ்டர் அந்தோணி. அத நான் எழுத முடியாது. நீங்கதான் போய் சொல்லணும்."

முதலில் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.  "இவ்வளவுதானா?" என்றாள். திட்டவில்லை. அந்த இவ்வளவுதானா என்பது எனக்குத் திட்டைவிட மோசமாக இருந்தது. பிறகு, "நானும் வரேன், வாங்க" என்று கிளம்பினாள்.

ஆறுமுகம் வீட்டுக்கு வந்திருந்தார். சாயங்காலம், லயத்தில் எல்லோரும் வேலை முடிந்து வெளியே இருக்கும் நேரம். நாங்கள் போவதைப் பார்த்து அக்கம்பக்கம் கூடிவிட்டது. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். ஆறுமுகம் படியில் உட்கார்ந்திருந்தார், வலது கை மடியில் கிடந்தது. பாக்கியம் கதவில் சாய்ந்து நின்றார். முருகேசன் தள்ளி, தண்ணீர்க் குழாய் ஓரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"அன்னைக்கு நான் குடிக்கல" என்றேன்.

"பெறவு ஏன் குடிச்சேன்னு ஆபீசுல சொன்னீங்க?" பாக்கியம் கேட்டார்.

"நீங்கல்லாம் சுத்தி நின்னு பாத்தீங்க. எனக்குப் பயம் வந்துடுச்சு. அது ஒரு வியாதின்னு டாக்டரம்மா சொல்றாங்க. வெக்கப்பட்டுக்கிட்டுக் குடிச்சேன்னு சொல்லிட்டேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பாக்கியம் சிரிக்கவில்லை.

"குடிச்சிருந்தீங்கன்னா மன்னிச்சிருப்பேன் ஐயா. எங்கப்பனும் குடிகாரன்தான், வேற என்ன செய்ய. எங்களப் பாத்துப் பயந்தேன்னு சொல்றீங்களே. நாங்க உங்கள என்ன பண்ணோம்?"

 மூளை, அட்ரினலின் என்று எதையோ ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது. அப்போது ஆறுமுகம் நிமிர்ந்து பார்த்தார்.  குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"ஐயா, அந்தக் கயிறக் கட்டக் கூடாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

குழாயடியில் முருகேசன் திரும்பினான். லயமே என்னைப் பார்த்தது. கை ஆடியது, மறைக்கவில்லை.

"தெரியும்" என்றேன்.

ஆறுமுகம் மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி என் முன்னால் விரித்துக் காட்டினார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே அவுத்திருப்பேன் ஐயா. இந்தக் கை சும்மாதான இருந்துச்சு."